ரோடாவின் காலணிகளைக் கவனியுங்கள்: ‘தி பேட் சீட்’ நாவலை வாசிக்க ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோதுதான் இந்த நாவலை முதன்முறையாக வாசித்தேன். அவள் நான் பெற்ற பிள்ளை அல்ல. பதினொரு மாதக் குழந்தையாக எங்கள் கைக்கு வந்தவள். கதையில் கொலை செய்யும் சிறுமிக்கும் எட்டு வயது. அவளுடைய தாயும் ஒரு வளர்ப்பு மகள். இது தெரியாமல்தான் புத்தகத்தை எடுத்தேன், முடித்த பிறகு பல இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பின் இன்னும் மூன்று முறை வாசித்துவிட்டேன். தத்தெடுத்தவர்கள் இதைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தொடலாம். ஆனால் வாசிக்கும் முறை தெரிந்து தொட வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முறை என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சிறுமியைப் பின்தொடராதீர்கள், தாயைப் பின்தொடருங்கள்.

வில்லியம் மார்ச் இதை எழுதியது தன் வாழ்நாளின் கடைசியில். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் 1893இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டு, வீரத்துக்கான பதக்கங்கள் பெற்றவர். பிறகு ஒரு கப்பல் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1933இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘கம்பெனி கே’யில் 113 சிப்பாய்கள் ஆளுக்கொரு சிறு பகுதியாகப் போரைச் சொல்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியைப் பல கண்கள் வழியாகக் காட்டும் கை அப்போதே அவருக்கு வந்துவிட்டது. ‘தி பேட் சீட்’, அதாவது ‘கெட்ட விதை’, 1954 ஏப்ரலில் வெளியானது. மே 15ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் மாரடைப்பால் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில் நாவல் பிராட்வே மேடையில் நாடகமானதையோ, மறு ஆண்டு தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றதையோ அவர் பார்க்கவில்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். 1956இல் வந்த திரைப்படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். அதன் முடிவு வேறு. அதைவிட முக்கியமான காரணம், படத்தைப் பார்த்துவிட்டால் அந்தப் பொன்னிறச் சடைக்காரச் சிறுமியின் முகம் கண்ணிலேயே நின்றுவிடும். தாய் பின்னுக்குப் போய்விடுவாள். நாவலில் ரோடாவுக்கு அடர்பழுப்பு முடி. சின்ன விஷயம்தான், ஆனால் உங்கள் மனம் அவளைத் தானாக வரைந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. கொலை செய்தது யார் என்பது இந்த நாவலில் ரகசியமே இல்லை. ஆகவே கதைச் சுருக்கத்தை நான் இங்கே தயங்காமல் சொல்கிறேன். முடிவு மட்டும் தனி. அது வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தெற்குக் கடற்கரையில் ஓர் ஊர். கணவன் கென்னத் வேலை நிமித்தமாக வெளிநாடு போயிருக்கிறான். கிறிஸ்டீன் பென்மார்க் எட்டு வயது மகள் ரோடாவுடன் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ரோடா படிக்கும் ஃபெர்ன் பள்ளியில், கையெழுத்தில் அதிக முன்னேற்றம் காட்டிய பிள்ளைக்கு ஒரு தங்கப் பதக்கம் உண்டு. அது தனக்கே உரியது என்று ரோடா நம்புகிறாள். கிளாடு டெய்கிள் என்ற பையனுக்குப் போகிறது. ஜூன் 7ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகள் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். கிளாடு நீரில் மூழ்கி இறக்கிறான்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘கிறிஸ்டீனுக்குத் தெரிந்தது’. வலப்பக்கம் ‘அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்’. வாசிக்க வாசிக்க இரண்டு பக்கத்தையும் நிரப்புங்கள்.

பால்டிமோரில் இருந்தபோது ஒரு பள்ளி ரோடாவைத் திருட்டுக்காக வெளியே அனுப்பியிருக்கிறது. இடப்பக்கம். குழந்தைகள் இந்த வயதில் அப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும். வலப்பக்கம். அதே ஊரில் ஒரு முதிய பெண்மணி, தான் போன பிறகு தன்னிடமிருந்த ஒரு பதக்கத் தொங்கலை ரோடாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். சிறிது காலத்தில் அவள் படிக்கட்டில் விழுந்து இறந்தாள். அப்போது உடன் இருந்தது ரோடா மட்டும். இடப்பக்கம். வயதானவர்கள் கால் தவறி விழுவது சகஜம். வலப்பக்கம். இப்படியே போகும். புத்தகத்தின் முற்பகுதியில் வலப்பக்கம்தான் நீளமாக இருக்கும். நடுவுக்கு வந்த பிறகு அது சுருங்கத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமே இருக்காது. அந்த இடம் எது என்று உங்கள் நோட்டே காட்டிக்கொடுக்கும். என் நோட்டில் அது கிளாடுக்குக் கிடைத்த பதக்கம் ரோடாவின் பொருள்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வந்தது. உங்களுக்கு வேறு இடத்தில் வரலாம். எத்தனை சீக்கிரம் ஒரு தாயிடம் ‘நீ ஒப்புக்கொள்’ என்று கேட்பவர் நீங்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பென்சில் டப்பா. அந்த முதல் வாசிப்பின்போது ஒரு மாலை என் மகளின் பள்ளிப் பையைத் துடைக்க எடுத்தேன். அடியில் நீல நிறத் தகர டப்பா ஒன்று. அவளுடையது அல்ல. மூடியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டியிருந்தாள், பாதிதான் வந்திருந்தது. மீதிப் பசையில் பையின் பஞ்சு ஒட்டிச் சாம்பல் நிறமாக இருந்தது. முதல் இரண்டு எழுத்துகள் இன்னும் தெரிந்தன. கேட்டேன். “அவள் கொடுத்தாள் அம்மா” என்றாள், கண்ணைப் பார்த்து. அந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்தது என் மகள் அல்ல. அவளை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் ஓர் உறவுக்காரப் பெரியம்மா சொன்ன வார்த்தை. “தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. அந்தத் தாய் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?” அன்று இரவு தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளையை ரோடாவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதற்காக இன்றும் வருந்துகிறேன். காலையில் மறுபடி கேட்டபோது அழுதுவிட்டாள். இருவரும் போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒரு முறையாவது செய்வது. ஆனால் அந்த ஓர் இரவில் என் நோட்டில் இடமும் வலமும் இடம் மாறியிருந்தன. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதியிருந்தேன்.

ஆகவே நோட்டை நேர்மையாக எழுதுங்கள். கிறிஸ்டீன் உண்மையில் பார்த்தது, கேட்டது, கையில் எடுத்தது மட்டுமே இடப்பக்கம் போக வேண்டும்.

பொருள்களின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முக்கியமாகக் காலணிகள். ரோடாவின் காலணிகளில் தேயாமலிருக்க அரைவட்ட இரும்புத் தகடுகள் அடித்திருக்கும். தொடக்கத்தில் அவை வருவது அவள் எவ்வளவு சிக்கனமான, ஒழுங்கான பெண் என்று காட்டுவதற்காகத்தான் என்று தோன்றும். நானும் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே தாண்டினேன். கிளாடின் நெற்றியிலும் கைகளிலும் இருந்த அரைவட்டத் தழும்புகளைப் பற்றி யாரோ சொல்லும்போது பக்கங்களைத் திருப்பிப் பின்னால் ஓடினேன். நல்ல மர்ம நாவலாசிரியர் ஆயுதத்தை ஒளித்துவைப்பார். மார்ச் அதை நம் கண்ணெதிரே ஒரு குழந்தையின் காலில் மாட்டி நடக்கவிடுகிறார்.

ரோடா பேசும் வரிகளை வாய்விட்டு வாசியுங்கள். மனத்துக்குள் வாசித்தால் அவள் கொடூரமாகத் தெரிவாள். வாய்விட்டு வாசித்தால் அவள் எவ்வளவு மரியாதையான பெண் என்பது கேட்கும், பயமும் அங்கேதான் இருக்கிறது. கூடப் படித்தவன் இறந்ததற்குத் தான் ஏன் வருந்த வேண்டும், மூழ்கியது அவன்தானே, தான் இல்லையே என்கிறாள். குரலை உயர்த்திச் சொல்லிப் பாருங்கள், வசனம் செத்துவிடும். ‘இன்று பள்ளி விடுமுறை’ என்று சொல்லும் குரலில் சொல்லுங்கள்.

இரண்டு துணைப் பாத்திரங்களை ஜோடியாக வைத்து வாசிப்பது பலன் தரும். ஒருத்தி மோனிகா பிரீட்லவ், அதே கட்டிடத்தில் வசிப்பவள். மனப்பகுப்பாய்வில் ஊறியவள், யாரைப் பார்த்தாலும் உள்மனத்தை அலசிவிடுவாள். அவளுக்கு ரோடா ஒரு குறையும் இல்லாத குழந்தை; ரோடாவுக்குப் பரிசுப் பொருள்களாக வாங்கிக் குவிக்கிறாள். மற்றவன் லெராய், கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலைக்காரன். படிப்பில்லாதவன், வன்மம் கொண்டவன், ரோடாவைச் சீண்டிப் பார்ப்பதில் இன்பம் காண்பவன். அவன் ஒருவனுக்குத்தான் அவள் எப்படிப்பட்டவள் என்பது தெரிகிறது. அவளைப் பயமுறுத்துவதற்காகக் கற்பனையாக எதையெதையோ சொல்லப்போய், ஒரு நாள் தற்செயலாக உண்மையின் மேலேயே கைவைத்துவிடுகிறான். மோனிகாவின் பாசத்தையும் லெராயின் வெறுப்பையும் அடுத்தடுத்து வாசித்தால், இருவருக்கும் நடுவில் கிறிஸ்டீன் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்பது புரியும். அவள் கணவனுக்கு நீண்ட கடிதங்கள் எழுதுகிறாள், அனுப்பாமல் பூட்டிவைக்கிறாள். அந்தக் கடிதங்கள் வரும் இடங்களில் அவசரப்படாதீர்கள்.

எவ்வளவு நாளில் வாசிப்பது? இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நான் ஐந்து அமர்வாகப் பிரிக்கச் சொல்வேன். பிள்ளைகள் கடற்கரைக்குக் கிளம்பும் இடத்தில் முதல் நாள் நிறுத்துங்கள். விபத்துச் செய்தி வீட்டுக்கு வந்து, ரோடா திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் விளையாடப் போகும் இடத்தில் இரண்டாம் நாள். மூன்றாம் நாள் முழுவதையும் ஹார்டென்ஸ் டெய்கிளுக்குக் கொடுங்கள்.

ஹார்டென்ஸ், கிளாடின் தாய். இருந்த ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவள். குடித்துவிட்டுக் கிறிஸ்டீனின் வீட்டுக்கு வருகிறாள். என் பிள்ளையின் கடைசி நேரம் எப்படி இருந்தது, உன் மகளுக்கு ஏதாவது தெரியுமா, அதை மட்டும் சொல்லச் சொல் என்கிறாள். நாக்குத் தடுமாறுகிறது, மன்னிப்புக் கேட்கிறாள், மறுபடியும் அதே கேள்விக்கு வருகிறாள். முதல் வாசிப்பில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டினேன். கதை நிற்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. மூன்றாம் வாசிப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு விடை தெரியும் அல்லது தெரியத் தொடங்கியிருக்கிறது. அவளால் வாயைத் திறக்க முடியாது. இரண்டு தாய்களுக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்தான் இடைவெளி. மர்மக் கதை எழுதுகிறவர்கள் இறந்த குழந்தையை எளிதில் மறந்துவிடுவார்கள்; மார்ச் மறக்க விடவில்லை. இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

நான்காம் நாளில் கவனம் தேவை. இங்கேதான் கிறிஸ்டீன் தன் பிறப்பைத் தேடிப் போகிறாள். ரெஜினால்ட் டாஸ்கர் என்ற குற்றவியல் எழுத்தாளரிடம், தானும் ஒரு நாவல் எழுதப்போவதாகச் சொல்லிப் பழைய வழக்கு விவரங்களை வாங்கிப் படிக்கிறாள். தன்னைப் பெற்றவள் பெஸ்ஸி டென்கர், பல கொலைகள் செய்து மின்நாற்காலியில் மாண்டவள் என்று தெரிகிறது. பாட்டியின் ரத்தம் தன்னைத் தாண்டி மகளிடம் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறாள். நாவலும் அவளோடு சேர்ந்து முடிவு கட்டுகிறது.

இந்தப் பகுதியை நான் பலவீனமானதாகவே நினைக்கிறேன். அதுவரை கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நாம், திடீரென்று கோப்புகளைப் படிக்க வைக்கப்படுகிறோம். காலணியும் பதக்கமும் தந்த திகிலைப் பாட்டியின் வழக்கு தரவில்லை. பாட்டி இல்லாமலே இந்தக் கதை நிற்கும். இன்னும் நன்றாக நிற்கும்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ஓர் உண்மைக் கதையை அருகில் வைத்துப் பாருங்கள். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘பக் எதிர் பெல்’ என்ற வழக்கில், வர்ஜீனியா மாநிலம் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவளுடைய தாய் மந்தபுத்தி உள்ளவள், அவளும் அப்படியே, அவளுடைய கைக்குழந்தையும் அப்படியே என்பது வாதம். “மூன்று தலைமுறை மந்தபுத்திக்காரர்கள் போதும்” என்று எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அந்தக் கைக்குழந்தையின் பெயர் விவியன். வளர்ப்பு வீட்டில் வளர்ந்தாள், பள்ளிக்குப் போனாள், நன்றாகப் படிப்போர் பட்டியலில் பெயர் வந்தது. 1932இல் நோயுற்று இறந்தபோது அவளுக்கு வயது எட்டு.

பாட்டி, தாய், எட்டு வயதுச் சிறுமி. நாவல் வந்தது இந்தத் தீர்ப்புக்கு 27 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில். ரத்தம்தான் எல்லாம் என்ற எண்ணம் காற்றில் இருந்த காலம் அது. ரோடா கற்பனை, விவியன் நிஜம். ரோடாவை நம்பத் தோன்றும்போதெல்லாம் விவியனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வளர்ப்புப் பிள்ளை இருந்தால் இதை ஒரு தாளில் எழுதி நான்காம் நாள் பக்கத்தில் செருகியே வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் குணத்தில் பிறவிக்கும் பங்கு உண்டு என்பதை மருத்துவர்கள் மறுப்பதில்லை. அது தலையெழுத்து என்று அவர்கள் சொல்வதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு, சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற முத்திரையை 18 வயது நிரம்பாத ஒருவர் மேல் குத்தவே அனுமதிப்பதில்லை. குழந்தையிடம் இரக்கமின்மையும் குற்றவுணர்வின்மையும் தொடர்ந்து தென்பட்டால் அதற்கு வேறு பெயர் வைத்து, வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு உதவி செய்யப் பார்க்கிறார்கள். 1954இன் கிறிஸ்டீனுக்கு அந்தக் கதவு இருந்ததாகவே நாவல் காட்டவில்லை. இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியாக எழுதுங்கள்: எந்தப் பக்கத்தில், யாரிடம், அவள் வாய் திறந்திருக்கலாம்? நாலைந்து பேர் சேர்ந்து வாசித்தால் விவாதத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். ‘ரோடா பிறவியிலேயே கெட்டவளா?’ என்று தொடங்கினால் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து, அரை மணியில் புத்தகத்தை விட்டுவிட்டு உறவினர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கே நிறுத்திவிட்டு ஐந்தாம் அமர்வை முடித்துக்கொண்டு வாருங்கள். அதை மட்டும் இடையில் எழுந்திருக்காமல் வாசியுங்கள், பகலில் வாசியுங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் வேண்டாம். தாய் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் இடம் அதில் இருக்கிறது.

கிறிஸ்டீன் மகளுக்கு அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுத் தானும் இறந்துபோகிறாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் ரோடாவைக் காப்பாற்றிவிடுகிறார்கள். கென்னத் ஊர் திரும்புகிறான். கடிதம் எதுவும் அவன் கையில் சேரவில்லை. ரோடாவாவது உனக்கு மிஞ்சினாளே என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

திரைப்படத்தை இப்போது பார்க்கலாம். குற்றம் தண்டனையின்றித் தப்பக்கூடாது என்பது அக்கால ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் இயக்குநர் மெர்வின் லெராயின் படத்தில் தாய் பிழைக்கிறாள், ரோடாவை மின்னல் தாக்குகிறது. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளும் வாசகமும் உண்டு. நடிகர்கள் வரிசையாக அறிமுகமாகி, கடைசியில் தாயாக நடித்தவர் மகளாக நடித்தவளைச் செல்லமாக அடிப்பதோடு படம் முடிகிறது. ஹார்டென்ஸாக வரும் ஐலீன் ஹெக்கார்ட்டுக்காகவே படத்தைப் பார்க்கலாம். அந்தக் கடைசி அடி வருவதற்குமுன் நான் அணைத்துவிடுகிறேன்.

பிறகு நோட்டை மூடிவைத்து, நாவலின் முதல் பத்தியை மறுபடி எடுத்து வாசியுங்கள். அந்தக் கோடையின் பிற்பகுதியில் திரும்பிப் பார்க்கும்போது ஜூன் 7தான் தன் மகிழ்ச்சியின் கடைசி நாள் என்று கிறிஸ்டீனுக்குத் தோன்றியதாகத் தொடங்குகிறது. முதல் தடவை வாசிக்கும்போது, ஏதோ பல ஆண்டுகள் கழித்து ஒரு முதியவள் நினைத்துப் பார்ப்பதுபோல் அது காதில் விழும். இப்போது அவளுக்கு மிஞ்சியிருந்த நாள்களை எண்ணுங்கள். அதே கோடை.